ரிசப்ஷன் மீனும் எஸ்.டி.பி. காற்றும்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஒரு கம்பெனி எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆண்டறிக்கையைப் புரட்ட வேண்டியதில்லை. ரிசப்ஷனில் மீன்தொட்டி இருக்கிறதா, தொட்டியில் மீன் இருக்கிறதா, மீன் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். நடுத்தண்ணீரில் உலாவினால் ஆர்டர் இருக்கிறது. அடியில் சுருண்டு கிடந்தால் இந்த மாதச் சம்பளம் பத்தாம் தேதிக்கு மேல்தான். மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றால் சங்கதி வேறு. அது கம்பெனியின் மூச்சைப் பற்றியதல்ல, கீழே அலமாரிக்குள் இருக்கும் சம்ப் என்கிற வடிகட்டித் தொட்டியின் மூச்சைப் பற்றியது.

1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்த சூட்டோடு, அந்தக் காருக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனிகள் ஒவ்வொன்றாக இங்கே கடை விரித்தன. அடுத்த ஆண்டு, மெக்கானிக்கல் டிப்ளமோவோடு அப்படி ஒன்றில் மெயின்டனன்ஸ் டிரெய்னியாகச் சேர்ந்தேன். பெங்களூரு நெடுஞ்சாலைக்கு அப்போது என்.எச். 4 என்று பெயர். 1990-லேயே வந்துவிட்ட ரேஸ் டிராக்கிலிருந்து சில ஞாயிறுகளில் வண்டிச் சத்தம் தறிகெட்டு வரும். தங்கியது ஸ்ரீபெரும்புதூரில், ஷீட் போட்ட ஓர் அறையில். ஒரு ஷிப்ட் எழுந்து போன பாயில் அடுத்த ஷிப்ட் படுக்கும். பாய் ஆறியதை யாரும் பார்த்ததில்லை.

அந்தக் காலத்து ரிசப்ஷன் என்பது ஒரு மேஜை, ஒரு டெலிபோன், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் ஓரத்தில் கொளத்தூரிலிருந்து பர்ச்சேஸ்காரர் பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்த மூன்றடித் தொட்டி. நீலச் சாயம் போட்ட கூழாங்கல், பச்சை பிளாஸ்டிக் செடி, காற்று வரும்போதெல்லாம் தலைமூடி திறந்து மூடும் முக்குளிப்பான் பொம்மை, நாலைந்து கோல்டு பிஷ். தொட்டிக்குப் பின்னால் ஓர் ஏர் பம்ப். அது ஓடுவது கேட் வரைக்கும் கேட்கும். ‘கொர்ர்ர்’ என்று ஒரே சுருதி. ரிசப்ஷனில் இருந்த அம்மா அதன் அடியில் முதலில் மேஜை துடைக்கும் துணியை மடித்து வைத்தார், பிறகு தெர்மகோல், கடைசியில் சுவரில் ஆணி அடித்துக் கயிற்றில் தொங்கவிட்டார். தொங்கிக்கொண்டும் அது கத்தியது. டெலிபோனில் பேசுகிறவர்கள், “லேத் பக்கத்துலயா உக்காந்திருக்கீங்க?” என்று கேட்பார்கள்.

அந்தச் சத்தம்தான் அந்தத் தொட்டியின் மொத்த சுத்திகரிப்பு நிலையம் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. கூழாங்கல்லுக்கு அடியில் சல்லடை போல ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். தட்டின் மூலையிலிருந்து ஒரு குழாய் செங்குத்தாக மேலே வரும். பம்ப் தள்ளும் காற்றை அந்தக் குழாயின் அடியில் விட்டால் குமிழிகள் ஏறும். ஏறும்போது குழாய்க்குள் இருக்கும் தண்ணீரையும் மேலே தள்ளும். போன தண்ணீரின் இடத்தை நிரப்ப, மேலேயுள்ள தண்ணீர் கூழாங்கல் வழியாகத் தட்டுக்குக் கீழே இறங்கும். கல்லுக்குக் கல் ஒட்டியிருக்கும் வழவழப்பில் பாக்டீரியா. மீன் கழிக்கும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவதை ஓரளவு தாங்கும். இந்த வேலையைச் செய்கிற நுண்ணுயிர்களை வினோகிராட்ஸ்கி 1890 வாக்கிலேயே பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். நாங்கள் முக்குளிப்பான் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பம்புக்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ரம் அவ்வப்போது கிழியும். ஸ்டோர்ஸில் அதற்கு மெட்டீரியல் கோடு கிடையாது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டு ஓட்டினோம். சத்தம் இன்னும் கொஞ்சம் கட்டையாக வந்தது, மீன்கள் ஆட்சேபிக்கவில்லை.

பிறகு காலம் மாறியது, அதாவது ஆர்டர் வந்தது. 2011-ல் புது அட்மின் பிளாக் எழும்பியது. கண்ணாடி முகப்பு, கிரானைட் தரை, சென்ட்ரலைஸ்டு ஏ.சி. வாஸ்து பார்க்க வந்தவர் வடகிழக்கில் நீர் வேண்டும் என்றார். நீர் இருந்தால் மீன் வேண்டும். மீன் என்றால் அரோவானாதான் என்றார். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு தொட்டி வந்தது. வெள்ளி வாள் போல ஒற்றை அரோவானா. பழைய மூன்றடித் தொட்டி செக்யூரிட்டி ரூமுக்குப் போனது; ஏர் பம்பும் அதோடு போனது. எம்.டி. போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: சத்தம் கூடாது.

தொட்டி அமைத்துத் தந்தவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மேல்தொட்டியின் மூலையில் ஓவர்ஃப்ளோ பெட்டி. வழியும் தண்ணீர் சலசலக்காதபடி குழாய் முழுக்க நிரம்பி இறங்கும். கீழே தேக்கு நிறம் பூசிய அலமாரி. அதற்குள் மூன்று அறைகள் கொண்ட சம்ப். முதல் அறையில் பஞ்சு, நடு அறையில் வலைப்பை வலைப்பையாக செராமிக் ரிங், கடைசி அறையில் தண்ணீரை மேலே அனுப்பும் மோட்டார். மேலே போகும் குழாயின் வாய்கூட நீர்மட்டத்துக்கு அடியில், சலனமே தெரியாதபடி. அரோவானா துள்ளும் மீன். ஆகவே தொட்டிக்கு அக்ரிலிக் மூடி. தூசி கூடாது; சம்ப்புக்கும் மூடி. ஈரக்கசிவு கூடாது, அலமாரிக் கதவுக்கு ரப்பர் கேஸ்கெட். திறப்பு விழாவன்று, ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள எம்.டி. கண்ணாடியில் காது வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப சந்தோஷப்பட்டார்.

அமைத்தவர் ஒரு ரிங்கை உள்ளங்கையில் வைத்து, இதற்குள் நுண்துளைகள் இருக்கின்றன, இந்த மூட்டையை விரித்தால் ஒரு கிரிக்கெட் மைதானம் வரும் என்று சொன்னார். வரலாம். ஆனால் நைட்ரஜனைத் தின்னும் இந்த ஜாதிக்கு மைதானம் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். பாக்டீரியாப் படலத்துக்குள் ஆக்சிஜன் ஊடுருவுவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழம்தான். துளை எவ்வளவு உள்ளே போனாலும், அதன் வாய் கசடில் அடைபட்டுவிட்டால் உள்ளே இருப்பது மைதானமல்ல, வெறும் மண்ணெடை.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். அம்மோனியாவாக வரும் ஒரு கிராம் நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகும். அரோவானாவுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் தீனி, அதில் 40 விழுக்காடு புரதம் என்று வையுங்கள். 20 கிராம் புரதத்தில் சுமார் 3 கிராம் நைட்ரஜன். அதில் 2 கிராம் அம்மோனியாவாகத் தண்ணீருக்கு வந்தால்கூட பாக்டீரியா கேட்கும் ஆக்சிஜன் 9 கிராம். நம் ஊர் வெயிலில், 30 டிகிரித் தண்ணீர் மூச்சைப் பிடித்து நிரம்பினாலும் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடிக்கும். ஒன்பது கிராமுக்கு 1,200 லிட்டர். தொட்டியின் கொள்ளளவோ அறுநூற்றுச் சொச்சம். மீன் சுவாசிப்பது இதில் சேரவில்லை. கசடைத் தின்னும் மற்ற பாக்டீரியாவும் சேரவில்லை. ஆக, கையிருப்பை வைத்து ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. ஆக்சிஜன் மணிக்கு மணி உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். அது வருவதற்கு இருக்கும் ஒரே வாசல் தண்ணீரின் மேற்பரப்பு. அந்த வாசலைத்தான் அக்ரிலிக், மூடி, கேஸ்கெட் என்று மூன்று தாழ்ப்பாள் போட்டுப் பூட்டியிருந்தோம்.

அப்படியும் சில மாதம் ஓடியது. மோட்டார் நிற்காமல் ஓடினால் கொஞ்சமாவது உள்ளே வரும். நிறுத்தியது 2012. அந்த ஆண்டு மின்வெட்டை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. உயரழுத்த இணைப்பு வைத்திருந்த ஆலைகளுக்கு 40 விழுக்காடு வெட்டு. ஜெனரேட்டரில் எதை ஓட்டலாம், எதை ஓட்டக் கூடாது என்று பட்டியல் போட்டோம். மீன்தொட்டியை ‘எமர்ஜென்சி லோடு’ என்று எழுத யாருக்கும் தைரியம் வரவில்லை. சுவிட்ச் போர்டு தோறும் ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ ஸ்டிக்கர். சனிக்கிழமை சாயந்திரம் அட்மின் பிளாக் மெயினை அணைத்துவிட வேண்டும் என்று செக்யூரிட்டிக்கு உத்தரவு. அவர் உத்தரவை மீறுகிறவர் அல்ல.

மோட்டார் நின்றதும் மேலிருந்து வழிந்த தண்ணீர் கீழே இறங்கி சம்ப்பை விளிம்பு வரை நிரப்பியது. ரிங் மூட்டைகள் அசையாத தண்ணீரில், தாம் சேர்த்து வைத்த கசடோடு முழுகிக் கிடந்தன. மூடிய இடத்தில் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் காலி. ஆக்சிஜன் போனால் அது தேவைப்படாத வேறொரு கூட்டம் வேலைக்கு வரும். சல்பேட்டை சல்பைடு ஆக்கும் கூட்டம். ஏ.சி.யும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர்களுக்கு ஓவர்டைம்.

திங்கள் காலை மெயினைப் போட்டார்கள். மோட்டார் கடமை தவறாமல் அந்தச் சம்ப் தண்ணீரை மேலே அனுப்பியது. ஒன்பது மணிக்கு வாடிக்கையாளர் ஆடிட். ரிசப்ஷன் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். வந்தவர்கள் பண்பானவர்கள், ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு மௌனமாக நின்றார்கள். அரோவானா மேல்மட்டத்தில் அக்ரிலிக்கை முட்டிக்கொண்டு நின்றது. அமேசான் வெள்ளநீர் ஏரிகளில் ஆக்சிஜன் குறைந்த காலத்தையும் பார்த்துப் பழகிய வம்சம் என்பதால் அது பிழைத்தது. தாக்குப்பிடிக்காத மீனாக இருந்தால் அன்றைக்கு ஆடிட்டர்களுக்கு முன்னால் ஈமச்சடங்கு.

யாரைக் கூப்பிடுவது? தொட்டி அமைத்தவர் போனை எடுக்கவில்லை. தண்ணீர், நாற்றம் என்றால் எங்கள் கம்பெனியில் ஒரே ஆள்தான்: எஸ்.டி.பி. எனும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆபரேட்டர். செம்பரம்பாக்கம் பக்கத்து கிராமம், கான்ட்ராக்ட் ஆள், என்னைவிட மூத்தவர்; எனக்கு அண்ணன். அட்மின் பிளாக்கின் முன்வாசல் வழியாக அவர் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கரைந்த ஆக்சிஜனை அளக்கக் கழிவுநீர்த் தொட்டியில் முக்கும் டி.ஓ. மீட்டரைக் கையோடு கொண்டுவந்தார். மேல்தொட்டியில் விட்டார், லிட்டருக்கு மூன்று மில்லிகிராமை ஒட்டி நின்றது. அலமாரியைத் திறந்து ரிங் அறையில் விட்டார். அரைக்கும் கீழே இறங்கியது.

“சார், மீனு நல்லாத்தான் இருக்குது. கீழ இருக்கறதுங்கதான் மூச்சு முட்டிப் போச்சு.”

அட்மின் மேனேஜர் குனிந்து பார்த்தார். “கீழ நாம ஒண்ணும் வளக்கலியேப்பா?”

எனக்கு அந்தக் கேள்வி இன்றைக்கும் பிடிக்கும். அரோவானாவுக்கு அசெட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் உண்டு, இன்ஷூரன்ஸ் கேட்டு ஃபைல்கூட நகர்ந்திருந்தது. அதை உயிரோடு வைத்திருந்த கோடிக்கணக்கான பேர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. சிப்காட்டில் இது புதிதல்ல.

அண்ணன் என்னைத் தன் இடத்துக்குக் கூட்டிப்போனார். கேன்டீனுக்குப் பின்னால், காம்பவுண்டு ஓரத்தில் எங்கள் எஸ்.டி.பி. புளோயர் சத்தத்தில் பேச முடியாது, சைகைதான். ஏரேஷன் டேங்க்கில் கறுத்த தண்ணீர் சோறு கொதிப்பது போலக் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் கை விட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்: விரல்நகம் அளவு பிளாஸ்டிக் சக்கரம், உள்ளே குறுக்குச் சட்டங்கள், சட்டங்களில் பழுப்பு நிறத்தில் மெல்லிய வழவழப்பு. ‘இதுதான் வேலை செய்யறது’ என்று சைகையில் சொன்னார். பிறகு புளோயரைக் காட்டி, ‘இது நின்னா அது நின்னுது’ என்றார்.

கழிவுநீரில் காற்றை ஊதிப் பார்த்து, ஊதியபின் அடியில் தங்கும் சேற்றைக் கொட்டிவிடாமல் அடுத்த தண்ணீருக்கும் வைத்துக்கொண்டால் வேலை மளமளவென்று நடக்கிறது என்று மான்செஸ்டரில் ஆர்டர்னும் லாக்கெட்டும் 1914-ல் சொன்னார்கள். முதல் முறை வாரக்கணக்கில் ஊத வேண்டியிருந்தது, சேறு சேரச் சேர நாள் குறைந்து மணிக்கணக்குக்கு வந்தது. பாக்டீரியா ஒட்டிக்கொள்ள பிளாஸ்டிக் சக்கரங்களை மிதக்கவிடும் முறை 1980-களின் கடைசியில் நார்வேயில் பிறந்தது. அந்தச் சக்கரங்களையே சின்னதாக்கி மீன் வளர்ப்பவர்களுக்கும் விற்கிறார்கள். உலகத்தின் விலையுயர்ந்த மீன்தொட்டிகளும் எங்கள் கேன்டீன் பின்பக்கமும் ஒரே தொழில்நுட்பத்தில்தான் ஓடுகின்றன. அட்மின் மேனேஜரிடம் இதை இந்த வார்த்தைகளில் சொல்ல முடியாது என்பதால், “இம்ப்போர்ட்டட் டெக்னாலஜி சார்” என்றேன்.

அண்ணன் செய்த வேலை ஒரு மதியத்தில் முடிந்தது. ரிங்குகளைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினார். குழாய்த் தண்ணீரின் குளோரின் மிச்சமிருப்பவர்களையும் முடித்துவிடும் என்றார். பாதி ரிங்கை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடையில் போட்டு நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்தார். மேலிருந்து வரும் தண்ணீர் அதன்மேல் மழை போல விழுந்து வடியும்படி குழாயில் துளைகள். ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜன், ஒரு லிட்டர் தண்ணீரில் இருப்பதைப்போல் முப்பது மடங்குக்கும் மேல். நனைந்தபடி காற்றில் உட்கார்ந்திருக்கும் ரிங்குக்கு வேறென்ன வேண்டும்? மின்சாரம் நின்றால்கூட அது ஈரத்தோடு காற்றிலேயே இருக்கும், முழுகிச் சாகாது. இன்னோர் அறையில் ஸ்டோர்ஸிலிருந்து புதுச் சக்கரங்கள். “எஸ்.டி.பி. சாமானையா ரிசப்ஷன்ல வைக்கிறீங்க?” என்று ஒரு கலவரம் மூண்டு, பிரிக்காத மூட்டை என்று காட்டியபின் அடங்கியது. புதுச் சக்கரம் முதலில் மேலேயே மிதக்கும். படலம் பிடித்து எடை கூடிய பிறகுதான் காற்றோடு சுழலும். அதற்குச் சில வாரம் ஆயிற்று. அதுவரை அரோவானாவுக்கு அரைப்பட்டினி.

குமிழி எங்கே விடுவது என்பதில் அண்ணனுக்குக் கறாரான அபிப்பிராயம். சுழலும் சக்கரத்துக்கு அடியில் விடலாம். அசையாத ரிங் குவியலுக்கு அடியில் ஏர் ஸ்டோன் வைப்பது வீண். காற்று தனக்கென்று ஒரு பாதை பிடித்துக்கொண்டு மேலே போய்விடும், கசடை மட்டும் கலக்கிவிடும். குமிழியிலிருந்து பாக்டீரியாவுக்கு யாரும் ஊட்டிவிடுவதில்லை. குமிழி தண்ணீரைப் புரட்டுகிறது, மேற்பரப்பை உடைக்கிறது, அதில்தான் பெரும்பாலான காற்று ஏறுகிறது. ஆகவே ரிங்குக்கு முந்தின அறையிலேயே தண்ணீரைக் காற்றடித்து அனுப்பு என்றார். மோட்டார் அறையில் விட்டால் பொடிக்குமிழி மேலே போய்த் தொட்டி சோடா போல ஆகும். இதையெல்லாம்விட அவர் அழுத்திச் சொன்னது பஞ்சைத்தான்: “வாரத்துக்கு ஒரு தபா பஞ்ச மாத்துங்க சார். அழுக்கு ரிங்குக்குப் போகாதவரைக்கும் இவ்ளோ கதயே வேணாம்.” பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்கு இதுதான் முழு உண்மை என்று இன்று நினைக்கிறேன், காற்றுக் கருவி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

மேலே போகும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்குத் தூக்கினார். அலமாரியின் முதுகுப் பலகையை ஜிக்சா வைத்து அறுத்தோம். காற்றுக்கு ஒரு பம்ப் வேண்டும். செக்யூரிட்டி ரூமில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த பழைய ஆளையே கொண்டுவந்தார்கள். புது டயஃப்ரம். கிரானைட் தரையில் அந்த ‘கொர்ர்ர்’ முன்னைவிட நன்றாக எதிரொலித்தது. எம்.டி. ஒரு வாரம் முகம் சுளித்தார். பிறகு வாஸ்துக்காரர் வந்து, ஓடும் நீரின் ஓசை தனலாபம் என்றார்.

பின்னொரு நாள் சக்கரம் வாங்கக் கொளத்தூர் போயிருந்தேன். சம்ப், கனிஸ்டர், எல்.ஈ.டி. என்று முன்பக்கம் எல்லாம் ஜொலித்தது. பின்பக்கம், கடைக்காரர் மீன் வளர்க்கும் இடத்தில், வரிசை வரிசையாகத் தொட்டிகள். எதிலும் சம்ப் இல்லை. கூரையோரம் ஒரே பி.வி.சி. குழாய், ஒரே புளோயர், தொட்டிக்கொரு வால்வு, அதிலிருந்து இறங்கும் டியூபின் முனையில் நூறு ரூபாய்க்குள் அடங்கும் ஸ்பாஞ்ச் பில்டர். காற்று ஏற, தண்ணீர் ஏற, ஸ்பாஞ்ச் வழியாகத் தண்ணீர் இழுபட. எங்கள் மூன்றடித் தொட்டி செய்ததும் இதையேதான். “நீங்க ஏன் சம்ப் போடல?” என்று கேட்டேன். “இது பொழப்பு சார்,” என்றார்.

ஆடிட் விவகாரம் அத்தோடு முடியவில்லை. வாடிக்கையாளர் ரிப்போர்ட்டில் ‘வரவேற்பறையில் துர்நாற்றம்’ என்று ஓர் அப்சர்வேஷன். அப்சர்வேஷன் என்றால் ஐந்து ‘ஏன்’ எழுத வேண்டும். ஏன் நாற்றம்? சம்ப்பில் ஆக்சிஜன் இல்லை. ஏன் இல்லை? மோட்டார் ஓடவில்லை. ஏன்? மெயின் அணைக்கப்பட்டது. ஏன்? செக்யூரிட்டி அணைத்தார். குவாலிட்டிக்காரர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஐந்தாவது ‘ஏன்’ போட்டால் அணைக்கச் சொன்னவர் பெயர் வரும். தீர்வு: செக்யூரிட்டிக்குப் பயிற்சி. அண்ணன் செய்த மாற்றம் எந்தக் கட்டத்திலும் பொருந்தாததால் ரிப்போர்ட்டில் இடம்பெறவில்லை.

பயிற்சியின் பயனாக ஒரு நோட்டு வந்தது. மணிக்கொரு முறை தொட்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கட்டத்தின் தலைப்பு ‘பபிள்’. இன்றும் ஓடுகிறது, பல நோட்டுகள் தாண்டிவிட்டன, ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறினாலும் கையெழுத்து நிற்கவில்லை. சென்ற ஆண்டு ஆயுத பூஜையை ஒட்டிய லீவில், சப்ஸ்டேஷன் பராமரிப்புக்காக ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. ரிட்டயர் ஆகும் வயதிலும் கான்ட்ராக்டிலேயே இருக்கும் அண்ணன் முதல்நாளே வந்து, பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றை மேல்தொட்டியில் மாட்டிவிட்டுப் போனார். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த பேட்டரி நடுராத்திரி தாண்டித் தாங்காது. கரண்ட் வந்ததோ மறுநாள் விடிகாலை. நான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மணி. ஒவ்வொரு கட்டத்திலும் நீல மையில் ஒரே சாய்வில்: ‘பபிள் ஓகே’.